மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ் பாட்டு ஒன்றை யாருக்காவது அனுப்பினால் எனக்குத் திரும்பி வருவது பெரும்பாலும் கேள்விகள்தான். பாடுவது ஆணா பெண்ணா, இது சர்ச் பாட்டா வேறு பாட்டா, அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் இவரைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டாராமே... ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துவிட்டது. அதனால் எல்லாப் பதிலும் ஒரே இடத்தில்.

மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1939 ஜூலை 10 அன்று சிகாகோவில் பிறந்த கறுப்பினப் பாடகி. அப்பா, அண்ணன், அக்காமாரோடு 'ஸ்டேப்பிள் சிங்கர்ஸ்' என்ற குடும்பக் குழுவில் சின்ன வயதிலேயே பாட வந்தவர். ஐம்பதுகளில் கோஸ்பல், அறுபதுகளில் சிவில் உரிமைப் போராட்டப் பாட்டு, எழுபதுகளில் சோல், அப்பா போன பிறகு தனிக் கச்சேரி. 2025-இல், 86 வயதில், ஒரு புதிய ஆல்பம் வெளியிட்டிருக்கிறார். இணையத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: குடும்பப் பெயர் 'ஸ்டேப்பிள்ஸ்', குழுவின் பெயரில் வருவது 'ஸ்' இல்லாத 'ஸ்டேப்பிள்'.

கோஸ்பல் என்றால் என்ன, சோல் என்றால் என்ன? இரண்டும் ஒன்று போலத்தானே கேட்கிறது?

ஒன்று போலத்தான் கேட்கும். பின்னால் சர்ச் ஜனங்களோடு சண்டை வந்ததே அதனால்தான்.

நம் ஊர் சர்ச்சுக்குப் போகிறவர்களுக்குப் பாமாலை வேறு, கீர்த்தனை வேறு என்று தெரியும். பாமாலை வெள்ளைக்காரர் மெட்டில் நிமிர்ந்து நின்று பாடுவது. கீர்த்தனை நம் ராகத்தில் தாளம் போட்டுப் பாடுவது. அமெரிக்கக் கறுப்பின சர்ச்சுகளிலும் ஏறக்குறைய அதே கதைதான். பழைய ஆங்கிலப் பாமாலைக்குப் பக்கத்தில் 1930-களில் சிகாகோவில் வேறொன்று வளர்ந்தது. வளர்த்தவர்களில் முக்கியமானவர் தாமஸ் டோர்சி. மா ரெய்னி என்ற புளூஸ் பாடகிக்குப் பியானோ வாசித்தவர். புளூஸ் என்பது தெற்கத்திக் கறுப்பின மக்களின் துக்கப் பாட்டு. 1932-இல் மனைவியைப் பிரசவத்தில் இழந்து, பிறந்த குழந்தையையும் பறிகொடுத்த துக்கத்தில் 'பிரெஷியஸ் லார்ட்' என்ற பாட்டை எழுதினார். புளூஸின் நடையில் தேவனைப் பற்றிய சொற்கள் ஏறினால் கோஸ்பல்.

சோல் அதையே திருப்பிப் போட்டது. அதே சர்ச் கூவல், அதே கைதட்டல், ஒருவர் இழுக்க மற்றவர்கள் பதில் சொல்லும் அதே முறை. 'கர்த்தரே' இருந்த இடத்தில் மட்டும் 'கண்ணே' வந்து உட்கார்ந்துகொண்டது. கொச்சையான விளக்கம்தான், ஆனால் தப்பில்லை.

ஒரு குடும்பமே எப்படிப் பாட வந்தது?

வராத ஆட்களால் வந்தது.

அப்பாவின் பெயர் ரோபக் ஸ்டேப்பிள்ஸ். ஊரே அவரைப் 'பாப்ஸ்' என்றுதான் கூப்பிட்டது. 1914-இல் மிசிசிப்பியில் பிறந்து, டாக்கரி என்ற பெரிய பருத்திப் பண்ணையில் வளர்ந்தவர். புளூஸின் ஆதி ஆட்களில் ஒருவரான சார்லி பேட்டன் அந்தப் பண்ணையில்தான் வாசித்துக்கொண்டிருந்தார். பையன் அதைக் கேட்டு கிட்டார் பழகினான். 1930-களின் நடுவில், தெற்கிலிருந்து லட்சக்கணக்கில் கறுப்பின மக்கள் வடக்கே போனபோது இவரும் சிகாகோவுக்குப் போனார். பகலில் இறைச்சி வெட்டும் கூடத்தில் வேலை. மாலையில் 'டிரம்பெட் ஜூபிலீஸ்' என்ற ஆண்கள் குழுவில் கோஸ்பல்.

அந்தக் குழுவில் ஆறு பேர். ஒத்திகைக்கு இரண்டு பேர் வருவார்கள், மூன்று பேர் வருவார்கள், ஒருநாளும் ஆறு பேர் வந்ததில்லை. வேலை முடிந்து களைத்துப்போய் ஒத்திகைக்கு வருகிற மனுஷனுக்கு எவ்வளவு நாள்தான் பொறுமை இருக்கும்? ஒருநாள் வீட்டுக்கு வந்து, பிள்ளைகளை வரவேற்பறைத் தரையில் வட்டமாக உட்கார வைத்து, நீ இதைப் பாடு, நீ இதைப் பாடு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சுருதியைக் கொடுத்தார். மூத்தவர் கிளியோதா, அடுத்து பெர்விஸ், அப்புறம் இவோன், அப்புறம் மேவிஸ். சொல்லிக்கொடுத்த முதல் பாட்டு 'வில் தி சர்க்கிள் பி அன்புரோக்கன்'. தாயைப் புதைக்க எடுத்துப் போகும் வண்டியைப் பற்றிய பாட்டு. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாட்டா என்று நமக்குத் தோன்றும். தெற்கத்திக் குடும்பங்களில் அது எல்லாருக்கும் தெரிந்த பாட்டு, அவ்வளவுதான்.

கேட்டி அத்தை ஒருநாள் இதைக் கேட்டுவிட்டு, சர்ச்சில் பாடலாமே என்றார். 1948-இல் போய்ப் பாடினார்கள். கூட்டம் கைதட்டி இன்னொன்று கேட்டது. இவர்களுக்குத் தெரிந்ததோ ஒரே பாட்டு. அதையே திரும்பவும் பாடினார்கள். வீட்டுக்குப் போனதும் பாப்ஸ், நம்மைப் பிடித்திருக்கிறது, இனிமேல் இன்னும் நாலு பாட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாராம்.

அந்தக் கனமான குரல் உண்மையிலேயே மேவிஸுடையதுதானா?

அவருடையதுதான். சந்தேகப்பட்ட முதல் ஆள் நீங்கள் இல்லை.

1956-இல் வீ-ஜே என்ற சிகாகோ ரெக்கார்டு கம்பெனியில் 'அன்கிளவுடி டே' வெளிவந்தது. அவர்களுடைய முதல் பெரிய வெற்றி. பாட்டை ஒருதரம் கேட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் பாப்ஸின் கிட்டார் மட்டும் தண்ணீருக்கு அடியில் வாசிப்பதுபோல அசையும். எல்லாரும் சேர்ந்து மெதுவாகப் போய்க்கொண்டிருப்பார்கள். பிறகு கீழேயிருந்து ஒரு குரல் எழும், நாற்பது வயது ஆம்பளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாடுவதுபோல. அந்த 'ஆம்பளை' பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண். உயரமும் அதிகமில்லை.

கச்சேரிக்கு வந்த ஜனங்கள் பந்தயம் கட்டினார்கள்: இது ஒரு சின்னப் பெண் பாடுவதாக இருக்க முடியாது, ஒன்று ஆணாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பெரிய உடம்புக்காரி. மேவிஸ் மைக்குக்கு முன்னால் வந்து நின்றதும் பந்தயப் பணம் கைமாறும்.

பாப்ஸின் கிட்டார் ஏன் அப்படி நடுங்குகிறது?

ஆம்பிளிஃபயரில் ட்ரெமலோ என்றொரு வசதி உண்டு. ஓசையின் அளவைச் சீராக ஏற்றி இறக்கும். எல்லாரும் அங்கங்கே தொட்டுக்கொள்ளும் ஊறுகாயை இவர் சாப்பாடாகவே சாப்பிட்டார். சர்ச் குழுக்களில் அப்போது அப்படியொரு கிட்டாரைக் கேட்பது அரிது. பெரும்பாலும் பியானோவோ ஆர்கனோ இருக்கும், இல்லாவிட்டால் வெறும் குரல். மிசிசிப்பிப் பண்ணையில் காதில் விழுந்த புளூஸ் அந்த நடுக்கத்துக்குள் ஒளிந்திருக்கிறது. இது புளூஸ்தானே என்று சில போதகர்கள் அப்போதே முகம் சுளித்தார்கள். அவர்கள் காதைக் குறை சொல்ல முடியாது.

படித்தாரா? வேறு வேலைக்குப் போக நினைத்தாரா?

1957-இல் பள்ளிப் படிப்பை முடித்தார். அதுவரை குழு சனி, ஞாயிறுகளில்தான் வெளியூர் போகும். திங்கட்கிழமை பாப்ஸ் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கு. மேவிஸுக்கு நர்சாக ஆசை. பாப்ஸ் உட்கார வைத்துப் பேசினார்: நீ பாடும்போது ஜனங்கள் அழுகிறார்கள், உன் கையில் காசைத் திணித்துவிட்டுப் போகிறார்கள், பார்த்தாயா? நீ இப்போதே நர்ஸ் வேலைதான் செய்துகொண்டிருக்கிறாய். இப்படியொரு அப்பாவிடம் எந்தப் பிள்ளை வாதாடி ஜெயிக்கும்? அந்த ஆண்டோடு பாப்ஸும் வேலையை விட்டார். குடும்பம் காரில் ஏறியது.

மார்ட்டின் லூதர் கிங்கோடு என்ன தொடர்பு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அலபாமாவின் மான்ட்கோமரியில் இருந்தார்கள். பாப்ஸ் பிள்ளைகளைத் தன் ஹோட்டல் அறைக்கு அழைத்து, இங்கே மார்ட்டின் என்றொருவர் இருக்கிறார், அவர் சர்ச்சுக்குப் போகப்போகிறேன், வருகிறீர்களா என்றார். டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் சர்ச். ஆராதனை முடிந்து திரும்பியதும் மறுபடி அழைத்தார். இவர் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. அவரால் அதைப் பிரசங்கிக்க முடியுமென்றால் நம்மால் அதைப் பாட முடியும் என்றார். மேவிஸ் மேடைக்கு மேடை சொல்லும் கதை இது. எத்தனை தரம் கேட்டாலும் எனக்கு அலுத்ததில்லை.

அதன்பின் பாட்டின் பொருள் மாறியது. பரலோகத்தைப் பற்றிப் பாடியவர்கள் தெருவைப் பற்றியும் பாடினார்கள். 1965 மார்ச்சில் செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு நடந்த பேரணியை மனத்தில் வைத்து பாப்ஸ் 'ஃப்ரீடம் ஹைவே' எழுதினார். அடுத்த மாதமே சிகாகோவில் நியூ நாசரேத் சர்ச்சில் அதை நேரடியாகப் பதிவு செய்தார்கள். 2015-இல் அந்த ஆராதனை முழுவதும் வெளிவந்தது. பாட்டோடு பேச்சும் ஜனங்களின் சத்தமும் அப்படியே இருக்கின்றன. ஸ்டுடியோவில் செதுக்கியதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

கிங்குக்கு இவர்கள் பாட்டில் மிகப் பிடித்தது 'வொய் ஆம் ஐ ட்ரீட்டட் சோ பேட்'. 1957-இல் அர்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் வெள்ளையர் பள்ளிக்குள் நுழையவிடாமல் தடுக்கப்பட்ட ஒன்பது கறுப்பின மாணவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்து பாப்ஸ் எழுதியது. கூட்டத்துக்குப் புறப்படும்போதே கிங், 'ஸ்டேப், இன்றைக்கு என் பாட்டைப் பாடுவாய்தானே' என்று கேட்டுவிடுவாராம்.

இவர்கள் ஒருமுறை கைதானார்களாமே?

ஆமாம், 1964-இல். கச்சேரி முடித்து இரவில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வண்டி ஓட்டியது மேவிஸ். மெம்ஃபிஸ் பக்கம் ஓரிடத்தில் பெட்ரோல் போட நிறுத்தினார். போட்டதற்கு ரசீது கேட்டார். ஒரு கறுப்பினப் பெண் ரசீது கேட்பதா என்று பங்க் ஆள் வாய்க்கு வந்தபடி பேச, பாப்ஸ் இறங்கிப் போக, கைகலப்பாகிவிட்டது. கொஞ்ச தூரம் போவதற்குள் போலீஸ் மடக்கியது. துப்பாக்கி, நாய், கைவிலங்கு. வண்டியில் கச்சேரிப் பணம் ரொக்கமாக இருந்ததால் கொள்ளைக் கேஸ் என்றே நினைத்துவிட்டார்கள். ஸ்டேஷனில் இவர்கள் யார் என்று தெரிந்த பிறகுதான் விட்டார்கள். அந்த இரவில் உயிரோடு திரும்புவோம் என்ற நம்பிக்கை இல்லை என்று மேவிஸ் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஒரு ரசீதுக்கு!

பாப் டிலன் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டது உண்மையா?

உண்மை. மின்னசோட்டாவில் பையனாக இருந்தபோதே டிலன் ரேடியோவில் இவர்கள் பாட்டைக் கேட்டிருக்கிறார். அறுபதுகளின் தொடக்கத்தில் நேரில் பழக்கமானார்கள். ஒருநாள் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, பாப்ஸ், நான் மேவிஸைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறேன் என்று சத்தமாகச் சொன்னார். என்னிடம் ஏன் சொல்கிறாய், அவளிடம் சொல் என்றார் பாப்ஸ். மேவிஸ் சம்மதிக்கவில்லை. வயது போதாது என்று நினைத்தார். கறுப்பினப் போராட்டத்தில் நிற்கும்போது வெள்ளைக்காரப் பையனைக் கட்டிக்கொள்வதைக் கிங் எப்படி எடுத்துக்கொள்வாரோ என்ற தயக்கமும் இருந்தது. பிறகு சிகாகோக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு, அது விவாகரத்தில் முடிந்தது. டிலனுக்கு ஒப்புக்கொண்டிருக்கலாமோ என்று பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். 2016-இல் இருவரும் ஒன்றாகக் கச்சேரிப் பயணம் போனார்கள்.

சரி, எப்போது கோஸ்பலை விட்டுவிட்டு சோலுக்கு மாறினார்கள்?

இந்தக் கேள்வியே கொஞ்சம் சறுக்கல். மற்றவர்கள் மாறினார்கள். மேவிஸ் குடும்பம் இரண்டுக்கும் நடுவில், வாசலிலேயே கூடாரம் போட்டது.

சாம் குக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சிகாகோவில் அதே பேட்டையில் வளர்ந்தவர். 'சோல் ஸ்டிரர்ஸ்' என்ற பெரிய கோஸ்பல் குழுவின் நட்சத்திரம். 1956-இல் காதல் பாட்டுப் பாட ஆசைப்பட்டபோது, சர்ச் ஜனங்களுக்குப் பயந்து டேல் குக் என்ற பெயரில்தான் ரெக்கார்டு போட்டார். குரலை வைத்து உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். 1957-இல் 'யூ செண்ட் மீ' வந்ததும் ஒரேயடியாக வெளியே போய்விட்டார். ஒரு கோடு இருந்தது, தாண்டினால் தாண்டியதுதான்.

அந்தக் கோடு மேவிஸுக்கும் தெரியும். சின்ன வயதில் மிசிசிப்பியில் பாட்டி வீட்டில் இருந்தபோது பள்ளி நிகழ்ச்சியில் ஒரு காதல் பாட்டைப் பாடிவிட்டார். மாமா பாதியில் மேடையிலிருந்து இழுத்துக்கொண்டு போனார். பாட்டியிடம் அடி விழுந்தது. 1953-இல் ஒரு கம்பெனி ரிதம் அண்ட் புளூஸ், அதாவது சர்ச்சுக்கு வெளியே உள்ள பாட்டு, பாடச் சொன்னபோது பாப்ஸ் முடியாது என்றார். ஒப்பந்தம் முடியும்வரை சும்மா இருந்தார்.

ஆக, 1968-இல் மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் என்ற ரெக்கார்டு கம்பெனியில் சேர்ந்தபோது பாப்ஸ் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். காதல் பாட்டும் கிடையாது, இயேசு பாட்டு என்று நேராகவும் கிடையாது. 'சேதிப் பாட்டு' என்று பெயர் வைத்தார். எங்களுக்குப் பாட்டு எழுத வேண்டுமா, அன்றைய பேப்பரின் தலைப்புச் செய்தியைப் படித்துவிட்டு வா என்று பாட்டெழுதுகிறவர்களிடம் சொல்வார். 1971-இல் வந்த 'ரெஸ்பெக்ட் யுவர்செல்ஃப்' அந்த வகை. உன்னை நீ மதிக்காவிட்டால் வேறு எவன் மதிப்பான் என்று கேட்கும் பாட்டு. பிரசங்கம்தான், காலை ஆட்ட வைக்கும் பிரசங்கம்.

மேவிஸ் தனியாக 1969, 1970-இல் போட்ட இரண்டு ஆல்பங்களில் காதல் பாட்டுகள் உண்டு. 'ஐ ஹேவ் லேர்ண்ட் டு டூ வித்தவுட் யூ' கேளுங்கள். விவாகரத்தின் சூடு அதில் இருக்கிறது. ஆகவே கோட்டை அவர் தொடவே இல்லை என்று நான் சொல்லவில்லை. தொட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

'ஐ'ல் டேக் யூ தேர்' எப்படிப் பிறந்தது? ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஸ்டாக்ஸை நடத்திய அல் பெல், தம்பியை அடக்கம் செய்துவிட்டு அர்கன்சாவில் அப்பா வீட்டுப் பின்கட்டில் இருந்தார். அங்கே ஒரு பழைய ஸ்கூல் பஸ் கிடந்தது. அதன் முன்மூடியில் உட்கார்ந்திருந்தபோது இந்தப் பாட்டு வந்தது என்று சொல்லியிருக்கிறார். யாரும் அழாத, யாரும் கவலைப்படாத ஓர் இடத்துக்கு உன்னை அழைத்துப் போகிறேன் என்று இரண்டு வரி வந்தது. அதற்குமேல் எவ்வளவு முயன்றும் அடுத்த சரணம் வரவில்லை. பாட்டு எழுதினவர் பெயர் அவருடையதுதான், ஆனால் சேர்ந்து உண்டாக்கியது என்பது மேவிஸின் பக்கம். கேட்டால் மேவிஸ் பக்கம் சாயத்தான் தோன்றும்.

ஏனென்றால் பாட்டில் மீதி முழுக்க அவர்தான். நம் கச்சேரியில் ஒரே வரியை எடுத்துக்கொண்டு விதவிதமாகப் போட்டு நிரவல் செய்வார்களே, அந்த வேலை. சொல் கொஞ்சம், குரல் நிறைய. அக்காமார் பின்பாட்டில் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், மேவிஸ் அதைச் சுற்றி முனகுவார், அதட்டுவார், சிரிப்பார்.

பதிவு செய்தது அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஸ்டுடியோவில். வாசித்தவர்கள் அந்த ஊர் வெள்ளைக்காரப் பையன்கள். பேஸ் கிட்டார் வாசிக்கும் டேவிட் ஹுட்டை மேவிஸ் பாட்டு நடுவிலேயே பெயர் சொல்லி உற்சாகப்படுத்துவார். கிட்டார் வரும்போது 'டாடி, டாடி' என்று கூப்பிடுவதும் கேட்கும். வேடிக்கை என்னவென்றால், அந்த இடத்தில் ரெக்கார்டில் வாசிப்பவர் பாப்ஸ் இல்லை, எடி ஹிண்டன். அந்தத் தொடக்க இசையும் சொந்தச் சரக்கு இல்லை. ஜமைக்காவின் ஹாரி ஜே ஆல் ஸ்டார்ஸ் 1969-இல் வாசித்த 'லிக்விடேட்டர்' அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஜமைக்காவின் ரெகே இசை அமெரிக்க வானொலியில் பரவலாவதற்கு முன்பே அதன் நடை இதில் இருக்கிறது. 1972 ஜூனில் பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் பாப் பட்டியலில் முதலிடம்.

சர்ச் ஜனங்கள் கோபித்துக்கொண்டார்களா?

கோபித்துக்கொண்டார்கள். பிசாசின் பாட்டுப் பாடுகிறார்கள் என்றார்கள். மேவிஸ் பேட்டி பேட்டியாகப் பதில் சொன்னார்: பிசாசுக்கு ஏது பாட்டு? எல்லாப் பாட்டும் கடவுளுடையது. நாங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். யாரும் அழாத இடம் என்றால் பரலோகத்தைத் தவிர வேறு எங்கே உங்களைக் கூட்டிக்கொண்டு போவோம்? கொஞ்ச நாளில் சர்ச்சுகள் திரும்ப அழைத்தன. போன இடத்தில் பாடச் சொல்லிக் கேட்டது அதே பாட்டைத்தான்.

'லெட்ஸ் டூ இட் அகெய்ன்' எந்த வகையில் சேதிப் பாட்டு?

எந்த வகையிலும் இல்லை. 1975-இல் சிட்னி பாய்ட்டியே இயக்கிய படத்துக்காகக் கர்டிஸ் மேஃபீல்டு எழுதியது. கட்டில் சமாச்சாரம். பாப்ஸ் மறுத்தார்: நான் சர்ச் ஆள், இந்த வரியெல்லாம் என் வாயில் வராது. கர்த்தர் தப்பாக நினைக்கமாட்டார் பாப்ஸ் என்று கர்டிஸ் கெஞ்ச, பெண்களும் சேர்ந்துகொள்ள, கடைசியில் பாடினார். அதுவும் முதலிடம். பாப்ஸ் அந்த வரியைப் பாடும்போது குரலில் ஒரு வெட்கம் தெரிகிறது என்பது என் கட்சி. நீங்கள் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மஹாலியா ஜாக்சனுக்கும் இவருக்கும் என்ன உறவு?

ரத்த உறவு இல்லை. ஆனால் மேவிஸுக்குப் பாட்டென்றால் முதலில் கோஸ்பல் பாடகி மஹாலியாதான். பாப்ஸின் இசைத்தட்டில் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தார். ஒரே மேடையில் பாடும் நாள் வந்தது. மேவிஸ் அப்போது சிறுமி. பாடி முடித்து, வேர்க்க விறுவிறுக்க வெளியே விளையாட ஓடினார். மஹாலியா பிடித்து நிறுத்தி, உடம்பைத் தொட்டுப் பார்: ஈரம். இப்படியே காற்றில் போனால் தொண்டை கட்டிவிடும், பாட்டியாகும்வரை பாட வேண்டுமா வேண்டாமா, போய் உலர்ந்த சட்டை போட்டுக்கொள் என்றார். எந்த ஊர்ப் பாட்டியும் சொல்வதுதான்.

1969-இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பெரிய திறந்தவெளிக் கச்சேரி. முந்தின ஆண்டு ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸ் விடுதி மாடத்தில் சுடப்படுவதற்குச் சற்றுமுன் கிங், அன்று இரவு 'பிரெஷியஸ் லார்ட்' வாசிக்கும்படி பென் பிராஞ்ச் என்ற இசைக்காரரிடம் கேட்டிருந்தார். ஹார்லெமில் அதே பென் பிராஞ்ச் குழு, அதே பாட்டு. மஹாலியா மேவிஸ் பக்கம் சாய்ந்து, எனக்கு உடம்பு சரியில்லை, தொடங்கிக் கொடு என்றார். மேவிஸ் தொடங்கினார். ஒரு சரணம் போனதும் மஹாலியா எழுந்து வர, ஒரே மைக்கை இருவரும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டு முழங்கினார்கள். அந்தப் படச்சுருள் ஏறக்குறைய ஐம்பது வருஷம் கிடப்பில் கிடந்து, 2021-இல் 'சம்மர் ஆஃப் சோல்' என்ற ஆவணப்படமாக வந்தது. மற்றதையெல்லாம் விட்டாலும் அந்தச் சில நிமிஷத்தைப் பார்த்துவிடுங்கள். 1972 ஜனவரியில் மஹாலியா இறந்துவிட்டார்.

'லாஸ்ட் வால்ட்ஸ்' படத்தில் வருவது இவர்கள்தானா?

இவர்கள்தான். 'தி பேண்ட்' என்ற ராக் குழுவின் 1976 விடைபெறும் கச்சேரியை மார்ட்டின் ஸ்கார்செசி படமாக்கினார். ஸ்டேப்பிள்ஸ் குடும்பம் அன்று மேடையில் இல்லை. 'தி வெயிட்' பாட்டைப் பிறகு தனியாக ஸ்டுடியோ தளத்தில் எடுத்தார்கள். பாட்டு முடிந்து கடைசி ஓசை அடங்கும்போது மேவிஸ் தன்னை மறந்து 'பியூட்டிஃபுல்' என்று மெல்லச் சொல்வது மைக்கில் பதிந்திருக்கும். வெட்டாமல் விட்ட புண்ணியவானுக்கு நன்றி.

எண்பதுகளில் என்ன ஆனார்?

ஸ்டாக்ஸ் 1975 கடைசியில் திவாலானது. டிஸ்கோ வந்தது, இவர்கள் பாட்டுக்கு மவுசு குறைந்தது. பிறகு பிரபல பாப் பாடகர் பிரின்ஸ் தேடி வந்தார். கூச்ச சுபாவி, நேரில் பேசமாட்டார். பேசாத ஆளுக்கு எப்படித் தன்னைப் பற்றிச் சொல்வது என்று மேவிஸ் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதினார். சின்ன வயது, சர்ச், கல்யாணம் முறிந்தது எல்லாம். அதிலிருந்து பாட்டுகள் வந்தன. 1989-இலும் 1993-இலும் இரண்டு ஆல்பம். இரண்டும் விற்கவில்லை. இரண்டாவது, 'தி வாய்ஸ்', விற்றிருக்க வேண்டும்.

அப்பா போன பிறகு எப்படித் திரும்பி வந்தார்?

2000 டிசம்பரில் பாப்ஸ் இறந்தார். ஐம்பது வருஷமாக இடது பக்கம் திரும்பினால் அந்தக் கிட்டார் இருக்கும், இனி இல்லை. அக்கா கிளியோதாவுக்கு அல்சைமர். மேவிஸ் வீட்டில் முடங்கிவிட்டார். இன்னொரு அக்கா இவோன்தான் உலுக்கினார்: அப்பா நீ இப்படி உட்கார்ந்திருப்பதை விரும்புவாரா, எழுந்து பாடு.

சொந்தக் காசைப் போட்டுப் பதிவு செய்தார். கம்பெனி கம்பெனியாகக் கதவைத் தட்டினார். கடைசியில் சிகாகோவின் அலிகேட்டர் என்ற புளூஸ் கம்பெனி 2004-இல் அதை வெளியிட்டது: 'ஹேவ் எ லிட்டில் ஃபெய்த்'. அதன் கடைசிப் பாட்டு, அப்பா தரையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த அந்த முதல் பாட்டு. 2007-இல் கிட்டார் கலைஞர் ரை கூடரோடு போராட்டக் காலப் பாட்டுகள். 2010-இல் வில்கோ என்ற ராக் குழுவின் ஜெஃப் ட்வீடியோடு 'யூ ஆர் நாட் அலோன்'. ட்வீடி மேவிஸைவிட 28 வயது இளையவர், அதே சிகாகோவில் குடியிருப்பவர். மேவிஸின் குரலுக்கு வழி விட்டு, சுற்றிலும் கொஞ்சமாக இசை வைக்கிறார். எனக்கு இந்தக் காலத்துப் பதிவுகளில் மிகப் பிடித்தவை இவைதான்.

விருதுகள்?

1999-இல் குழு ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டது. தனியாக முதல் கிராமி 2011-இல், 71 வயதில். 2016-இல் கலைஞர்களுக்கு அமெரிக்காவில் தரும் கென்னடி மையக் கௌரவம்.

குடும்பத்தில் மற்றவர்கள்?

கிளியோதா 2013-இல், இவோன் 2018-இல், பெர்விஸ் 2021-இல் காலமானார்கள். தரையில் போட்ட அந்த வட்டத்தில் மிச்சம் இருப்பவர் மேவிஸ் ஒருவர்தான்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

'அன்கிளவுடி டே' முதலில், ஹெட்போனில், ராத்திரியில். அப்புறம் 1965 சர்ச் பதிவு. அப்புறம் 'ஐ'ல் டேக் யூ தேர்'. நேரம் இருந்தால் 'டோன்ட் லூஸ் திஸ்' ஆல்பம். பாப்ஸ் சாவதற்கு முன் பதிவு செய்து வைத்த பாட்டுகள். இதைத் தொலைத்துவிடாதே என்று மேவிஸிடம் சொல்லிவிட்டுப் போனார், அதுவே ஆல்பத்தின் பெயரானது. ட்வீடியின் உதவியோடு 2015-இல் மேவிஸ் அதை முடித்து வெளியிட்டார். அதில் கிட்டாரை மட்டும் கவனியுங்கள். எண்பது தாண்டிய விரல், இன்னும் அதே நடுக்கம்.